யஸார் அவிழ்க்காத முடிச்சு

குதைராக் கிணற்றில் தண்ணீர் காட்டிப் போன ஒட்டகக்காரர்கள் யஸாரைப் பற்றி ஊர் ஊராக ஒரு பேச்சைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். "பனூ நுவைர் கிணத்துல ஒரு கஞ்சன் இருந்தான். தண்ணி கேட்டா வாளி வாளியா இறைச்சு ஊத்துவான். ஒட்டகத்துக்கும் ஊத்துவான். ஆனா கயிறைத் தொட விடமாட்டான், பாவி."

எங்கள் நாட்டில் ஒருவனைக் கோழை என்று சொல்லிவிட்டால், அடுத்த சண்டையில் அதைக் கழுவிக்கொள்ளலாம். கஞ்சன் என்று சொல்லிவிட்டால் பேரன் காலம் வரைக்கும் நாறும். யஸார் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார். வந்து பதில் சொல்ல மாட்டார். உயிரோடு இருந்தபோதும் பதில் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

என் பெயர் ஹன்ளலா. பேய்க்கும்மட்டிக்காய் என்று அர்த்தம். நாக்கில் பட்டால் மூன்று நாளைக்குக் கசக்கும். எங்கள் பனூ நுவைர் குலத்தில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். கேட்கிற பகைவன் முகம் சுளிக்க வேண்டும். அடிமைகளுக்கு மட்டும் நல்ல பெயராக வைப்பார்கள். கூப்பிடுகிற நாங்கள் காலையில் எழுந்ததும் நல்ல சொல்லாகச் சொல்ல வேண்டுமல்லவா? அப்படித்தான் எங்கேயோ வடக்கே கொள்ளையில் பிடிபட்டு வந்த சிறுவனுக்கு யஸார் என்று பெயர் விழுந்தது. செழிப்பு என்று பொருள். பெயரில் இருந்த செழிப்பை ஒரு நாளும் அவர் வீட்டில் நான் பார்த்ததில்லை.

அவரை வாங்கியவர் எங்கள் தலைவர் ஜஹ்தருடைய தகப்பனார். ஜஹ்தரும் யஸாரும் ஒரே வயது. ஒரே ஒட்டகத்தின் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். ஒருவன் பால் கறப்பான், மற்றவன் கறக்கச் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம். மீசை முளைத்த வயதில் ஜஹ்தர் கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாரினான். யார் இறங்குவது என்று பந்தயம். பாதியில் கல் சரிந்தது. கால் சிக்கி, கழுத்து மட்டத் தண்ணீரில் கத்தினான். மேலே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, யஸார் தன் ரோமக் கயிற்றை இறக்கி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்று வாய்க் கல்லில் இரண்டு காலையும் ஊன்றி இழுத்தார். கயிறு இடுப்பை அறுத்த தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. அன்றைக்கே ஜஹ்தரின் தகப்பனார் எல்லோர் முன்னாலும், "இவன் இனி சுதந்திரமானவன். எங்க குலத்தோட ஒட்டினவன்" என்று சொல்லிவிட்டார்.

ஒட்டினவன். அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். விடுதலையான அடிமை எங்களில் ஒருவன் ஆகிவிட மாட்டான். எங்களோடு ஒட்டினவன் ஆவான். கூடாரம் போடலாம், ஆனால் ஓரத்தில். பேசலாம், கடைசியில். யஸார் கிணற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார். தண்ணீர் இறைப்பதும் வாளித் தோல் தைப்பதும் அவர் வேலை. கப்ஷா என்று ஒருத்தியைக் கட்டினார். அவளும் அடிமையாக இருந்து விடுதலையானவள்தான். யஸாருக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

இனி கயிற்று விஷயம். குதைராக் கிணறு ஆழம். வழிப்போக்கன் கொண்டுவரும் கயிறு பெரும்பாலும் எட்டாது. அப்போது எங்கள் கயிற்றின் நுனியை அவன் கயிற்றோடு முடிந்து கொடுப்போம். அந்த முடிச்சு விழுந்த நேரத்திலிருந்து அவன் எங்கள் காவலில் இருக்கிறான். தன் சனத்தின் கூடாரம் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அவனைத் தொட்டவன் எங்களைத் தொட்டவன். அவன் யார், எந்தக் குலம் என்று முன்னாலேயே கேட்பது ஈனத்தனம். முதலில் கயிறு, பிறகுதான் பெயர். எங்கள் பாட்டன்மார் மார்க்கம் எதுவும் அறியாமல் கல்லைக் கும்பிட்ட காலத்திலும் இதை மட்டும் மீறியதில்லை.

நான் சொல்கிற வருஷத்தில் நாங்கள் கல்லை விட்டுவிட்டிருந்தோம். எங்கள் ஆட்கள் சிலர் மதீனாவுக்குப் போய்க் கைகொடுத்து, மார்க்கத்தை ஏற்றுத் திரும்பியிருந்தார்கள். போனவர்களில் மிக்னஃப் என்று ஒருவன். குரல் நன்றாக இருக்கும், ஞாபகமும் நன்றாக இருக்கும். அதனால் தொழுகையில் அவனை முன்னே நிறுத்தினோம். சந்தேகம் எது வந்தாலும், "மிக்னஃப், அங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்போம். பாதிக்குப் பாதி, "நான் அப்ப ஒட்டகத்துக்குத் தீனி வச்சிட்டு இருந்தேன், சித்தப்பா மகனே" என்பான். கேட்டதைக் கேட்டபடி சொல்வான். கேட்காததைச் சொல்ல மாட்டான். அந்த அளவுக்கு நேர்மையானவன்.

எங்களுக்கும் தெற்கே இருந்த பனூ கதீமுக்கும் பழைய ரத்தப் பகை. ஜஹ்தருடைய தம்பி வப்ராவை ஒரு மேய்ச்சல் தகராறில் அவர்கள் கொன்றிருந்தார்கள். பனூ கதீமும் மார்க்கத்துக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். ஜஹ்தர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினான். வாளை மட்டும் கூடாரக் கம்பத்திலிருந்து இறக்கவில்லை.

கோடை உச்சியில் இருந்த ஒரு நாள், முற்பகலில் ஒருவன் தனியாக வந்தான். இளம் வயது. ஒட்டகம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. நானும் அங்கேதான் என் மந்தைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். வந்தவன் ஈச்சநார்க் கயிற்றை இறக்கினான். வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"என்ன தம்பி, வாளிக்குக் காத்து வாங்குறியா?" என்றார் யஸார்.

"கயிறு குட்டைண்ணே. எங்க ஊர்க் கிணறு இவ்வளவு பேராசைப்பட்டுத் தோண்டினது இல்ல."

"இது எங்க தலைவரையே முழுங்கப் பாத்த கிணறு. மரியாதையாப் பேசு" என்று சிரித்துக்கொண்டே யஸார் அன்று ஜஹ்தரை இழுத்த அதே ரோமக் கயிற்றை எடுத்தார். அவனுடைய ஈச்சநார்க் கயிற்றோடு சேர்த்து இறுக்கி முடிந்தார். பல்லால் கடித்து இழுத்தும் பார்த்தார். அவன் இறைத்தான், குடித்தான், ஒட்டகத்துக்குக் காட்டினான்.

வெயில் உச்சிக்கு வந்ததும் மிக்னஃப் அழைப்புச் சொன்னான். மேய்ச்சலில் இருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஜஹ்தரும் வந்தான். வேல மர நிழலில் வரிசையாக நின்றோம். வந்தவன் ஜஹ்தருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதான். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஸலாம் சொன்னோம். ஜஹ்தர் அவனைப் பார்த்து, "பசியா இருப்பே தம்பி, பேரீச்சம்பழம் இருக்கு" என்று தோல் பைக்குள் கையை விட்டான்.

அந்த நேரத்தில்தான் படுத்திருந்த ஒட்டகம் எழுந்தது. முதுகில் கிடந்த கம்பளி சரிந்தது. தொடையில் இருந்த சூட்டுக்குறி தெரிந்தது. பிறைபோல ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. பனூ கதீமின் குறி.

ஜஹ்தரின் கை பைக்குள்ளேயே நின்றது. பழம் ஒரு மூச்சு முன்னால் கை மாறியிருந்தால் அவன் எங்கள் உணவைத் தின்றவன் ஆகியிருப்பான், ஜஹ்தரே அவனைத் தோளில் சுமந்துகொண்டு போய் விட்டிருப்பான். இன்றைக்கும் அந்தப் பழத்தை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது.

"ஒட்டகம் யாருது?" என்றான் ஜஹ்தர்.

"என்னுது. என் பேரு சுமைர். பனூ கதீம். பெண்டாட்டியைப் பிறந்த வீட்ல விட்டிருந்தேன், கூட்டிட்டு வரப் போறேன்." பயமில்லாமல்தான் சொன்னான். "இனிமே என்ன இருக்கு? நீங்களும் நாங்களும் ஒரே திசையைப் பாத்துத்தானே தொழறோம்?"

"என் தம்பி எந்தத் திசையைப் பாத்துப் படுத்திருக்கான்னு தெரியுமா உனக்கு?"

யஸார் நடுவில் வந்தார். ஜஹ்தருடைய மூத்த பையன் பெயர் ஹர்ப். அதனால் அவனை மதிப்பாக அபூ ஹர்ப், ஹர்பின் தகப்பன், என்றுதான் எல்லோரும் அழைப்போம். "அபூ ஹர்ப்," என்றார் யஸார், "கயிறோட கயிறு முடிஞ்சாச்சு. அதோ பாருங்க, இன்னும் அவுக்கல. இவன் நம்ம காவல்ல இருக்கான்."

"யார் முடிஞ்சது?"

"நான்தான்."

"உன்னோட கயிறா? யஸாரு, உனக்குக் கயிறு எது? நீ உடுத்தியிருக்கிற துணி எங்க வாப்பா கொடுத்தது. நீ விடுற மூச்சு எங்க வாப்பா கொடுத்தது. ஒட்டினவன் கொடுக்கிற காவல் குலத்தைக் கட்டாது."

கூடாரத்து வாசலிலிருந்து கப்ஷாவின் குரல் வந்தது. "அன்னைக்குக் கிணத்துக்குள்ள தொங்கினியே அபூ ஹர்ப், அப்ப 'இது யார் கயிறு'ன்னு கேட்டியா? 'ஒட்டினவன் கயிறு வேணாம், ஒசந்தவன் கயிறைப் போடுங்கடா'ன்னு கீழ இருந்து கத்தினியா?"

"கப்ஷா, உள்ள போ" என்றார் யஸார்.

"போறேன். நீங்க எல்லாரும் அந்தக் கயிறையே உங்க கழுத்துல மாட்டிக்கங்க."

சிலர் சிரித்தார்கள். ஜஹ்தரின் முகம் கறுத்துவிட்டது. கப்ஷா சொன்னது உண்மை. அதை அவள் பத்துப் பேர் முன்னால் சொன்னதுதான் கெடுதலாகப் போயிற்று. தனியாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை உறைத்திருக்கும்.

அப்போது ஒரு பெரியவர், "பழைய வழக்கத்தை விடுங்கப்பா. இப்ப மார்க்கம் வந்திருக்கு. காவலைப் பத்தி மதீனாவுல ஏதாவது சொன்னாங்களா? மிக்னஃபைக் கேளுங்க" என்றார். எல்லோரும் அவனைப் பார்த்தோம். இந்த முறை, தீனி வைத்துக்கொண்டிருந்தேன் என்று அவன் சொல்லவில்லை.

"கேட்டேன்," என்றான். "நல்லாவே ஞாபகம் இருக்கு. முஸ்லிம்கள்ல அத்னா ஒருத்தன் அபயம் கொடுத்தாலும் அது எல்லாரையும் கட்டும்னு சொன்னாங்க."

சொல் அதேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அன்று அங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை.

எங்கள் பாஷையில் அத்னா என்ற சொல்லுக்கு இரண்டு முகம். கிட்ட இருப்பவன் என்றும் ஆகும், கீழே இருப்பவன் என்றும் ஆகும். ஆனால் எங்கள் பக்கத்தில் கிட்ட என்கிற பொருளில் மட்டும்தான் அதைப் புழங்குவோம். அத்னாக் கிணறு என்றால் பக்கத்துக் கிணறு. அத்னாச் சொந்தம் என்றால் நெருங்கின சொந்தம். கீழானவனைச் சொல்ல எங்களிடம் வேறு சொற்கள் நிறைய இருந்தன. அவற்றை யஸார் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேட்டீங்களா?" என்றான் ஜஹ்தர். "கிட்டத்துச் சொந்தக்காரன் கொடுத்தாத்தான் காவல். செத்தவன் என் தம்பி. இந்த வழக்குல என்னை விடக் கிட்டத்துல யார் இருக்கா? நான் கொடுக்கல."

பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். நியாயமாகத்தான் பட்டது. ரத்தம் யாருடையதோ அவன் கையில்தானே மன்னிப்பு.

யஸார் மெதுவாக, "கிட்ட இருக்கிறவன்னா... கிணத்துக்குக் கிட்ட இருக்கிறவன் நான்தானே, அபூ ஹர்ப்?" என்றார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மிக்னஃப்கூடச் சிரித்தான். யஸார் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் எல்லோரையும் விட அந்தச் சொல்லுக்கு அருகே போனவர் அவர்தான். அது தெரிய ஒரு மழைக்காலம் கழிய வேண்டியிருந்தது.

ஜஹ்தர், "கிணத்தடியில ரத்தம் சிந்த மாட்டேன். தோல்பையை நிரப்பிக்க. கிளம்பு. நான் குதிரையைத் தண்ணிக்கு விட்டுட்டுப் பின்னால வர்றேன்" என்றான்.

சுமைர் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போனான். யஸார் அவன் கையைப் பிடித்தார். "அவுக்காதே. இப்படியே சுருட்டி எடுத்துக்க. நானும் வர்றேன்."

இரண்டு கயிறும் முடிந்தபடியே, ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை இவர் கையிலுமாக இருவரும் தெற்கே நடந்தார்கள். ஒட்டகம் பின்னால் போயிற்று. ஜஹ்தர் குதிரையில் ஏறிக் கிளம்பியபோது ஒருவரும் தடுக்கவில்லை. தலைவன், ரத்தத்துக்கு உரியவன், அவன் பக்கம் மார்க்கத்தின் சொல்லும் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓடைத் திருப்பத்தில் நடந்ததை யஸார் பிறகு எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். குதிரை வருவதைப் பார்த்ததும் சுமைரைப் பின்னால் தள்ளி முன்னே நின்றிருக்கிறார். "விலகுடா" என்றிருக்கிறான் ஜஹ்தர். "முடிச்சு என்னுது அபூ ஹர்ப், என்னை வெட்டிட்டு அப்புறம் அவனை வெட்டுங்க" என்றிருக்கிறார் இவர். வாள் யஸாரின் தோளைச் சீவிக்கொண்டு போய்ச் சுமைரின் கழுத்தில் இறங்கியது. விழும்போதும் சுமைர் கயிற்றை விடவில்லை. "எனக்கு ஏதோ ஆகும்னு என்னைப் பின்னால இழுத்தான் ஹன்ளலா. என்னைக் காப்பாத்தணும்னு இழுத்தான். காவல் கொடுத்தவன் நானா அவனா?" என்று கேட்டார்.

மாலையில் யஸார் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் ரத்தம், கையெல்லாம் மண். தனியாகவே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். தோளில் முடிச்சு அவிழாமல் அந்தக் கயிறு. காயத்துக்குச் சாம்பல் அப்பும்போது கப்ஷா கேட்டாள், "அவன் ஒட்டகத்துச் சூட்டை நீ முன்னாலயே பாக்கலையா?"

"பாத்தேன். கம்பளி காத்துல தூக்கினப்பவே பாத்தேன்."

"பாத்துமா கொடுத்தே?"

"ஒட்டகம் நாக்கைத் தொங்கப் போட்டிருந்துச்சு. அதையும்தான் பாத்தேன்."

அந்தக் கயிற்றை அவர் கிணற்றுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. கூடாரத்தின் உள்கம்பத்தில் மாட்டினார். முடிச்சையும் அவிழ்க்கவில்லை. புதிதாக ஒரு கயிறு திரித்தார். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். யார் வந்தாலும், "நீ உக்காரு, நான் இறைக்கிறேன்" என்பார். கயிறு கேட்டால் தர மாட்டார். தன்னை நம்பிக் கயிற்றைப் பிடிக்க இன்னொருவனை விடமாட்டார். தோள் காயம் ஆறாத நாட்களில்கூட ஒற்றைக் கையால் இறைத்து ஊற்றினார். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கஞ்சன் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.

மழை பெய்து புல் முளைத்த பிறகு, மதீனாவிலிருந்து ஒருவரை எங்களுக்குத் தொழுகை முறை சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். மெலிந்த மனிதர், சளைக்காமல் பதில் சொல்வார். ஜஹ்தர் கூடாரத்தில் பாலும் பேரீச்சையும் வைத்து எல்லோரும் கூடியிருந்தோம். மிக்னஃப் தான் மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்துக் காட்டினான். தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து அபயத்தைப் பற்றிய சொல்லையும் சொன்னான்.

"சரியாச் சொன்னே," என்றார் வந்தவர். "அருமையான சட்டம் அது. உங்கள்ல ஆகக் கீழானவன்னு நீங்க யாரை நினைக்கிறீங்களோ, அடிமையா இருந்தவனா இருந்தாலும் சரி, அவன் ஒருத்தனுக்கு அபயம் கொடுத்துட்டா நீங்க எல்லாரும் கொடுத்த மாதிரி."

மிக்னஃப் குறுக்கிட்டான். "கீழானவனா? கிட்ட இருக்கிறவன் இல்லையா?"

"கிட்ட இருக்கிறவன் கொடுத்தா கட்டும்னு சொல்றதுக்கு ஒரு சட்டம் எதுக்கப்பா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

ஜஹ்தர் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் இருந்தா," என்றான், "நாங்க பாலைவனத்துல கிடக்கிறவங்க என்ன பண்றது?"

"தெரியலைன்னா கேக்கணும். ஆள் அனுப்பிக் கேக்கணும். மதீனா என்ன ஆகாசத்துலயா இருக்கு?"

அவருக்கு எங்கள் கதை தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார். மிக்னஃப் எழுந்து வெளியே போய்விட்டான். அதன் பிறகு பல நாள் தொழுகைக்கு முன்னே நிற்க மறுத்து, கடைசி வரிசையில் நின்றான்.

யஸாரிடம் நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வாளித் தோலைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தவில்லை. "அப்ப அந்த முடிச்சு செல்லும்தானே?" என்றார். "செல்லும்" என்றேன். "செல்லும்," என்று தனக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார். "செல்லாததாவே இருந்திருக்கலாம் ஹன்ளலா. செல்லாத கயிறைக் கொடுத்தேன்னு நினைச்சு இத்தனை நாள் தூங்கிட்டிருந்தேன்."

ஜஹ்தர் ரத்தத்துக்கு ஈடாகத் தன் மந்தையில் நல்ல ஒட்டகங்களாகப் பிரித்துப் பனூ கதீமுக்கு அனுப்பினான். அவர்களுடைய பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வழக்கு முடிந்தது என்றார்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு பெண் கிழட்டு ஒட்டகத்தில் வந்து கிணற்றடியில் இறங்கினாள். ஜஹ்தரும் நாங்கள் சிலரும் அங்கே இருந்தோம். யஸார் வழக்கம்போல, "உக்காரும்மா, நான் இறைக்கிறேன்" என்று வாளியை இறக்கி, தண்ணீரை அவள் முன்னால் வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"கயிறு தர மாட்டீரோ?"

"தண்ணி தர்றேம்மா."

"அப்ப நீர்தான் யஸாரு. நான் ரைத்தா. சுமைரோட பெண்டாட்டி. பிறந்த வீட்டு வாசல்ல உக்காந்து, இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு பாத்துட்டு இருந்தவ. தண்ணிக்கு வரல. முடிச்சுக்கு வந்தேன்."

யஸார் கூடாரத்துக்குள் போய் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். நனைந்தபோது இறுக்கியது, காய்ந்து கல்லாகியிருந்தது. ஈச்சநாரில் ஓரிடம் கறுத்துக் கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து நகத்தால் நெம்பினாள். நகம் உடைந்தது. கப்ஷா ஒரு தையல் ஊசியை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. பல்லால் கடித்து, எச்சிலால் நனைத்து, வெயில் நகர்ந்து நிழல் அவள் மேல் வருகிற வரைக்கும் அதோடு போராடினாள். நாங்கள் ஒருவரும் போகவில்லை. யஸார் அவள் எதிரே கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

கடைசியில் முடிச்சு நெகிழ்ந்தது. இரண்டு கயிற்றையும் பிரித்தாள். எழுந்து நின்று, காவல் முடிந்ததும் அதைக் கொடுத்தவனுக்கே எல்லோர் முன்னும் திருப்பித் தருகிற வழக்கப்படி உரக்கச் சொன்னாள்: "பனூ நுவைரே, கேளுங்க! சுமைருக்கு யஸார் கொடுத்த காவலை நான் திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னையோட யஸாரோட கட்டு அவுந்துபோச்சு."

"காக்க முடியலம்மா" என்றார் யஸார்.

"தெரியும். உம்ம தோளைப் பத்தியும் சொன்னாங்க." ரோமக் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஈச்சநார்க் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பிறகுதான் அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

ஒட்டகத்தில் ஏறப் போகும்போது ஜஹ்தர் இரண்டடி முன்னால் வந்தான். குலத்தின் தலைவன் ஒரு விதவை முன்னால் தலையைக் குனிந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். "என்னையும் ஏதாவது சொல்லிட்டுப் போம்மா. திட்டுறதா இருந்தாலும் திட்டிட்டுப் போ."

அவள் அவனை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். "உனக்கும் எனக்கும் நடுவுல என்ன கட்டு இருக்கு, நான் அவுக்கிறதுக்கு?" என்றாள். ஒட்டகத்தை எழுப்பிக்கொண்டு போய்விட்டாள்.

கட்டு அவிழ்ந்த பிறகு யஸார் மறுபடியும் கயிறு கொடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அடுத்த வாரமே வழிப்போக்கன் ஒருவன் வந்து கேட்டான். யஸார் கயிற்று நுனியை எடுத்து நீட்டினார். அவன் கை நீட்டியதும் இவர் கை பின்வாங்கியது. "உக்காரு தம்பி, நானே இறைக்கிறேன்" என்றார். சாகிறவரை அப்படித்தான். அந்தப் பழைய கயிற்றை மட்டும் அடிக்கடி எடுத்து, முடிச்சு இருந்த இடத்தில் விழுந்த வளைவை நீவி நீவிப் பார்ப்பார். அது நிமிரவில்லை.

போன குளிர்காலத்தில் அவர் காலமானார். குழிக்குள் ஜஹ்தரே இறங்கினான், வேறு யாரையும் விடவில்லை. உள்ளே நின்றுகொண்டு மேலே பார்த்து, "கப்ஷா, அந்த ரோமக் கயிறைக் கொடு. அதுல வச்சு அவனை இறக்கிக்கறேன். என்னை அதுலதானே அவன் மேல தூக்கினான்" என்று கேட்டான். தாடியெல்லாம் நனைந்திருந்தது.

கப்ஷா கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முன்போலக் கத்தவில்லை.

"அதை உன் கையில கொடுன்னு அவர் சொல்லலையே, அபூ ஹர்ப்" என்றாள்.

ஜஹ்தர் இரண்டு கைகளையும் உயர்த்தினான். நாங்கள் யஸாரை அந்தக் கைகளில் கொடுத்தோம்.